பின்வரிசை நாற்காலிகள்

காலி அறையில் கை தட்டினால் சத்தம் திரும்பி வர வேண்டும். இருபது வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தக் கட்டிடத்திலும் லிஃப்ட் குழிக்குள் இறங்கியதும் சின்னவன் முதல் வேலையாக ஒரு தட்டுத் தட்டுவான். அது மேலே போய், நாலு சுவரிலும் மோதி, கணகணவென்று இறங்கி வரும் விதத்தை வைத்தே எத்தனை மாடி, எந்த மாடியில் கதவு சரியாக மூடவில்லை என்று சொல்லிவிடுவான். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தன் வீட்டுக்குக் கீழே இருந்த நிலவறையைக் காலி செய்து, பெருக்கித் துடைத்து, வெறும் சிமெண்டுத் தரையில் நின்றுகொண்டு பழக்கதோஷத்தில் ஒரு தட்டுத் தட்டினான்.

சத்தம் கையை விட்டுப் போனது. வரவில்லை.

இன்னொரு முறை தட்டினான். ஈரத்துணியில் அடித்த மாதிரி இருந்தது. பத்தொன்பது அடி நீளம், ஆறே முக்கால் அடி அகலம், கையைத் தூக்கினால் இடிக்கிற கூரை, ஜன்னல் கிடையாது, ஒரு சாமான் கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு தும்மல் போட்டாலே நாலு பேர் தும்மின மாதிரி கேட்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் மண்தானே, அதனால் இருக்கும் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, டேப்பை எடுத்து மறுபடி அகலத்தை அளக்க ஆரம்பித்தான். வீட்டில் அப்போது அவன் ஒருத்தன்தான் இருந்தான். மனைவியும் மகளும் வழக்கம்போல் பெரியவன் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

பெரியவன் என்றால் அண்ணன். மூன்று வயசு மூத்தவன். குளியலறைச் சாமான்கள் விற்கிற கடை வைத்திருக்கிறான். இரண்டு பேருக்கும் நாற்பது தாண்டி முடி கொட்டிய பிறகும் உறவில் அவன் பெரியவன்தான், இவன் சின்னவன்தான். போன வருஷம் பெரியவன் தன் மாடி ஹாலை ஹோம் தியேட்டர் ஆக்கினான். சுவர் முழுக்கத் திரை, பத்துப் பேர் சாய்ந்து உட்காரும் நாற்காலிகள், காலுக்குக் கீழே தரை அதிர்கிற ஸ்பீக்கர். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் சொந்தபந்தம் மொத்தமும் அங்கேதான்.

சின்னவனுக்குத் திரை மேல் பொறாமை இல்லை. நாற்காலிகள் மேலும் இல்லை. அவன் வயிறு எரிந்தது ஒரு சிரிப்பினால்.

அவன் மனைவி வீட்டில் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வாள். கல்யாணமான பதினாறு வருஷத்தில் அவளுடைய சிரிப்பு என்பது அவனுக்கு அந்தப் புறங்கைதான். ஒரு நாள் பெரியவன் வீட்டுக்கு வேலை முடிந்து தாமதமாகப் போய்ப் படியேறும்போது மேலே யாரோ ஒரு பெண் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. கணீரென்று, தொண்டை முழுக்கத் திறந்து, நடுவில் மூச்சு வாங்கி, மறுபடி. யாருடைய சிரிப்பு இவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே கதவைத் தள்ளினான். அவள்தான். மடியில் கை, திறந்த வாய், கண்ணில் தண்ணீர். பக்கத்தில் பாப்பா, பதினாலு வயசு மகள், பெரியப்பாவின் கிண்டலுக்கு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். இவனைப் பார்த்ததும் இருவரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று ராத்திரிதான் கட்டம் போட்ட தாளை எடுத்து நிலவறைக்குத் திட்டம் வரைந்தான். ஒடுக்கமான அறை. இரண்டு நாற்காலிக்கு மேல் ஒரு வரிசையில் போட்டால் நடக்க வழியில்லை. முன்வரிசையில் ஒன்று, அவனுக்கு. பின்வரிசையில் இரண்டு. வேறு யாருக்கும் இடமில்லை என்பதே அவனுக்குத் திருப்தியாக இருந்தது. ரப்பரால் அழித்து அழித்து நாற்காலிகளை இன்னும் நெருக்கமாக வைத்தான்.

திட்டத்தைக் கேட்ட மனைவி, அதான் அங்கே இருக்கிறதே, எதற்கு வீண் அலைச்சல் என்றாள். பாப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இது ரூமாப்பா, குழாயா?" என்றாள். பெரியவன் இன்னும் ஒரு படி மேலே போனான். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சின்னவன் தியேட்டரில் படம் பார்க்கிறவர்கள் முறை வைத்துக்கொண்டு மூச்சு விட வேண்டியிருக்கும் என்று சொன்னான். அண்ணி சிரித்தாள். பாப்பா சிரித்தாள். அவன் மனைவி, கையால் மூடாமல், சிரித்தாள்.

சின்னவனும் சிரித்து வைத்தான்.

சத்தத்தைச் சரிசெய்து கொடுக்க ஒரு அம்மாள் வந்தாள். ஒலிப்பதிவுக் கூடங்களுக்கெல்லாம் வேலை செய்கிறவள். தொழிலில் எல்லாரும் சவுண்டு மேடம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒல்லியாக, நரைத்த கிராப்போடு, வாயில் எந்நேரமும் ஒரு இருமல் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு பேசினாள். அறை நடுவில் ஒரு மைக்கை நிறுத்தினாள். மூலையில் ஒரு ஸ்பீக்கர். இரண்டு பேரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். உள்ளே அடித்தொண்டை முனகல் போல ஒரு சத்தம் ஆரம்பித்து, மெல்ல மெல்ல ஏறி, விசில் ஆகி, காதுக்கு எட்டாமல் போயிற்று. மடிக்கணினியில் ஒரு கோடு மலையும் பள்ளமுமாக ஓடியது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி ஓட்டினாள். மைக்கை இடம் மாற்றிவிட்டு மூன்றாம் தரம் ஓட்டினாள். மிட்டாயைக் கடிப்பது நின்றிருந்தது.

"சார், உள்ள சோஃபா, மெத்தை ஏதாவது வெச்சிருந்து எடுத்தீங்களா?"

இல்லை, அட்டைப்பெட்டிகள்தான் இருந்தன, அதையும் போன வாரமே எடுத்தாயிற்று என்றான்.

ஆள் உட்கார்ந்திருக்கும் அறைக்கும் காலி அறைக்கும் சத்தத்தில் வித்தியாசம் உண்டு என்று அவள் விளக்கினாள். மனுஷ உடம்பு சத்தத்தைத் தின்னும். துணி, சதை, முடி எல்லாமே தின்னும். சினிமாக் கொட்டகையை ஆள் நிறைந்திருக்கும்போது ஒரு மாதிரியும் காலியாக இருக்கும்போது வேறு மாதிரியும் அளப்பார்கள். சொல்லிக்கொண்டே அவள் பென்சிலால் அவனுடைய கட்டம் போட்ட தாளில் ஓர் இடத்தைச் சுற்றினாள். பின்வரிசையில் அவன் வரைந்திருந்த இரண்டு நாற்காலிகளும் அந்த வட்டத்துக்குள் இருந்தன.

"சத்தம் இங்கதான் போகுது."

மைக் கம்பியை எடுக்க அவள் உள்ளே போகவில்லை. அவனையே எடுத்துத் தரச் சொன்னாள். சத்தத்தை உறிஞ்சும் பஞ்சுப் பலகை எவ்வளவு ஒட்ட வேண்டும் என்று அவன் கேட்டதற்குச் செருப்பை மாட்டிக்கொண்டே, எதுவும் ஒட்ட வேண்டாம், தேவையான அளவுக்கு உள்ளே ஏற்கெனவே இருக்கிறது என்றாள். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி, "பொருளெல்லாம் வைக்கிறதுக்கே அந்த ரூமை வெச்சுக்குங்களேன் சார்," என்றாள். அதற்குப் பிறகு அவன் எத்தனை தரம் கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை.

வேறு யாராவது என்றால் அங்கேயே விட்டிருப்பார்கள். சின்னவனுக்கும் அன்று கீழே போக மனசில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு பெரியவன் வீட்டிலிருந்து திரும்பி வரும் வழி முழுக்க பாப்பா பெரியப்பா சொன்ன ஒரு வேடிக்கையைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள், அவனுக்குப் புரியவில்லை, புரிய வைக்க முயன்று, "விடுங்கப்பா, அங்க இருந்திருக்கணும்," என்றாள். அவன் அங்கேதான் இருந்தான். அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி.

மறுநாளே கடையில் நாற்காலிகளுக்குச் சொன்னான்.

அவற்றின் கால்களைக் கழற்றி, படியில் பக்கவாட்டில் சாய்த்து, இரண்டு ஆட்கள் முட்டி தேய இறக்கினார்கள். ப்ரொஜெக்டரைக் கூரையில் அவனே மாட்டினான். வயர் இழுத்தான். சுவருக்குக் கருநீல வண்ணம் அடித்தான். ஒவ்வொரு நாள் சாயங்காலமும் வேலையிலிருந்து வந்ததும் கீழே இறங்கினால் வண்ணத்தின் வாடைக்கும் ஈரச் சிமெண்டின் வாடைக்கும் அடியில் இன்னொரு வாடை மெல்லத் தெரிய ஆரம்பித்தது. பயமுறுத்தும் வாடை இல்லை. வெயிலில் காய்ந்து மடித்த துணி, தலைமுடி, ஒரே இடத்தில் நெடுநேரம் ஆட்கள் உட்கார்ந்திருந்த பிறகு அந்த இடத்தில் தங்குமே, அந்த வெதுவெதுப்பு. பின்வரிசை நாற்காலிகளின் உறையைப் பிரித்த அன்றே இருக்கைகளில் பள்ளம் விழுந்திருந்தது. இடதுபுறம் பெரிதாக. வலதுபுறம் சின்னதாக. கையை வைத்துப் பார்த்தான். சூடாக இருந்தது.

கையை எடுத்துக்கொண்டான். மேலே போய்விட்டான். மறுநாள் மறுபடி வைத்துப் பார்த்தான்.

வேலை முடிந்த வார ஞாயிற்றுக்கிழமை, தியேட்டர் தயார், இன்றைக்கு இங்கேயே பார்க்கலாமா என்று மனைவியிடம் கேட்டான். அண்ணி ஏற்கெனவே கூப்பிட்டுவிட்டாள், வரவில்லை என்றால் தப்பாக நினைப்பாள் என்றாள் அவள். தனக்கு அவசர வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி அவர்களை மட்டும் அனுப்பினான். அவர்கள் தெருமுனை திரும்பும் வரை ஜன்னலில் நின்றான். பிறகு கீழே இறங்கிக் கதவைச் சாத்தினான். வெளியே பளீரென்று மத்தியான வெயில். உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

ஒரு பழைய நகைச்சுவைப் படத்தைப் போட்டான். முன்வரிசையில் தனியாக உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, திரையில் ஒருத்தன் வழுக்கி விழுவதையும் எழுவதையும் மறுபடி வழுக்கி விழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு வரவில்லை. வீட்டில் யாருமில்லாதபோது சிரிப்பு எங்கிருந்து வரும்? அந்த ஆள் மூன்றாம் தரம் வழுக்கினான்.

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

கணீரென்று. தொண்டை திறந்து. நடுவில் மூச்சு வாங்கி, மறுபடி.

சின்னவனுடைய கழுத்து முடிகள் எழுந்து நின்றன. திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. பைக்குள் கை விட்டு போனைத் தடவி எடுத்து மனைவியைக் கூப்பிட்டான். நாலைந்து முறை மணி அடித்த பிறகு எடுத்தாள். பின்னணியில் பெரியவன் ஏதோ சத்தமாகச் சொல்வது கேட்டது.

"என்னங்க?" என்றாள். குரலில் சுரத்தே இல்லை.

"அங்கதானே இருக்கே?"

"ஆமா. படம் ஓடுது. ஏனோ தெரியல, சிரிப்பே வரல."

போனை வைத்தான். பின்வரிசையில் இப்போது இரண்டு பேர் சிரித்தார்கள். இரண்டாவது சிரிப்பு பாப்பாவுடையது, மூக்கால் ஒரு சீறல் விட்டு ஆரம்பிக்கும் அவளுடைய சிரிப்பு. எழுந்து ஓடிவிடு என்று கால்கள் கெஞ்சின. அதையும் மீறி, நெஞ்சுக்குள் எங்கேயோ, ஒரு குளிர்ந்த கை தடவிக் கொடுத்தது போல் இருந்தது. அந்தச் சிரிப்பு அண்ணன் வீட்டில் இல்லை. இங்கே இருக்கிறது. தன் வீட்டில், தன் முதுகுக்குப் பின்னால்.

படம் முடியும் வரை அவன் எழுந்திருக்கவில்லை. ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் மனைவி தொண்டை கட்டிப்போய் வந்தாள். பாப்பா செருப்பைக் கழற்றிவிட்டு யாருடனும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கு அடுத்த ஞாயிறு பெரியவனே போன் செய்தான். வீட்டில் ஏதாவது சண்டையா, இரண்டு பேரும் நட்டு வைத்த கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள், எதைப் போட்டாலும் சிரிக்க மாட்டேன் என்கிறார்கள், எனக்கே ஒரு மாதிரி இருக்கிறதடா என்றான். பெரியவனின் குரலில் முதல்தடவையாக ஒரு தோல்வியின் சாயல். சின்னவன், ஒன்றுமில்லை அண்ணே, களைப்பாக இருக்கும் என்றான். போனை வைத்த பிறகு அந்தக் கல் என்ற வார்த்தையை ஒரு மிட்டாயைப் போல வாயில் போட்டுக் குதப்பினான்.

வீட்டுக்குள் இருந்தவர்கள் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போனது அவன் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. மனைவி பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதற்கு எடுத்தோம் என்று நின்றாள். பாப்பா கூப்பிட்டால் திரும்புவதற்கு நேரம் எடுத்துக்கொண்டாள். இத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தான். ஒவ்வொரு ஞாயிறும் அவர்கள் தெருமுனை திரும்பியதும் கீழே இறங்கினான்.

நாலாவது ஞாயிறு மனைவி அவளாகவே வந்து நின்றாள். அங்கே போக மனசில்லை, கீழேயே படம் பார்க்கலாம், நீங்கள் முன்னால் போய்ப் போட்டு வையுங்கள், பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாள். இதற்காகத்தானே அவன் இத்தனையும் செய்தான். படிகளில் இரண்டிரண்டாக இறங்கினான். கதவைத் தள்ளினான். சுவரோரம் இருந்த சின்ன விளக்கைப் போட்டான். ப்ரொஜெக்டரின் நீல வெளிச்சம் திரையில் சும்மா விழுந்து கிடந்தது. படம் எதுவும் இன்னும் போடவில்லை.

பின்வரிசையில் சிரிப்பு ஆரம்பித்தது.

படம் இல்லை. வேடிக்கை இல்லை. ஆனாலும் சிரித்தார்கள். நின்று மூச்சு வாங்கினார்கள். மறுபடி சிரித்தார்கள். இத்தனை வாரத்தில் முதல் தடவையாக அது அவனுக்குச் சந்தோஷமான சிரிப்பாகப் படவில்லை. வரப்போகிற எதற்கோ சிரிக்கிற மாதிரி இருந்தது.

மனைவியும் பாப்பாவும் இங்கே வரக்கூடாது.

வந்த வேகத்தில் திரும்பிப் படியேறினான். மூன்றாவது படியில் அவர்கள் எதிரே வந்தார்கள். மனைவி சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். பின்னால் பாப்பா. போகாதே என்று சொல்ல வாயெடுத்தான். மேலே கூட்டிக்கொண்டு போய்க் கதவைப் பூட்டிச் சாவியைச் சாக்கடையில் போட வேண்டும். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"பெரியவரு இப்பக்கூட போன் பண்ணாரு," என்றாள் அவள். "வரலேன்னுட்டேன். எங்களுக்கு எங்க வீட்டுலயே இருக்குன்னு சொல்லிட்டேன்."

பதினாறு வருஷம் காத்திருந்து கேட்ட வார்த்தை. அது அவன் உடம்பு முழுக்கப் பரவும் வரை அவன் அசையாமல் நின்றான். பிறகு சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டான்.

இரண்டு பேரும் அவனைத் தாண்டி இறங்கினார்கள். சிரிப்பு நின்றிருந்தது. அவன் பின்னாலேயே போனான். வாசலில் நின்று பார்த்தான். மனைவி இடதுபுற நாற்காலியில் உட்கார்ந்தாள். பாப்பா வலதுபுறத்தில். பள்ளங்கள் அளவெடுத்த மாதிரி அவர்களை வாங்கிக்கொண்டன. ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு மனைவியின் முகத்தில் ரத்தம் ஓடியது. பாப்பா நிமிர்ந்தாள். கண்ணில் பழைய பளபளப்பு. பார்த்துக்கொண்டிருந்த அவனுக்கு அழுகை வந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டு, தன் இடத்துக்குப் போகலாம் என்று காலை எடுத்து வைத்தான்.

முன்வரிசை நாற்காலியில் ஒரு தலை தெரிந்தது.

உச்சியில் முடி கொட்டிய தலை. கழுத்தோரம் அவன் போட்டிருந்த அதே கோடு போட்ட சட்டையின் காலர்.

"அப்பா, லைட்டை அணைக்கட்டுமா?" என்றாள் பாப்பா.

அவள் இவன் பக்கம் பார்த்துக் கேட்கவில்லை. இவன் வாயைத் திறந்தான்.

"அணைம்மா," என்றது நாற்காலியில் இருந்தது.

இவனுடைய குரல்தான். ஆனால் இவனிடம் ஒருநாளும் இல்லாத ஒரு சிரிப்பு அதற்குள் இருந்தது. அதைக் கேட்டதுமே மனைவி வாய்விட்டுச் சிரித்தாள்.

பாப்பா எழுந்து வந்தாள். ஸ்விட்ச் இவன் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. பாப்பா, என்று கூப்பிட்டான். சத்தம் உதட்டைத் தாண்டவில்லை. அவள் கை நீண்டு அவன் மார்பில் பட்டது. அங்கிருந்து தோளுக்கு. தோளிலிருந்து கழுத்துக்கு. இருட்டில் சுவரைத் தடவுகிற மாதிரி. கன்னத்தைத் தடவியது. மூக்கைத் தடவியது. ஸ்விட்சைக் கண்டுபிடித்தது.

இருட்டு.

திரையில் படம் ஓட ஆரம்பித்தது. அவனால் நகர முடியவில்லை. முதுகு எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. முன்வரிசையில் இருந்தது ஏதோ கிண்டலாகச் சொன்னது. பின்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு அது மெதுவாகத் தலையைத் திருப்பியது. நீல வெளிச்சம் அதன் பாதி முகத்தில் விழுந்தது. அவன் முகம். வாய் முழுக்கச் சிரிப்பு. கண்ணில் இல்லை. கண் இரண்டும் இவனையே பார்த்தன.

"என்னங்க பாக்கறீங்க?" என்றாள் மனைவி, சிரிப்பினூடே.

"ஒண்ணுமில்ல," என்றது அது. "சுவருதான்."

அது திரும்பிக்கொண்டது. திரை வெளிச்சத்தில் மூன்று தலைகள். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. மூன்றும் ஒரே நேரத்தில் குலுங்கின.